பீரோவுக்குப் பின்னால் பெய்த மழை

பீரோவை நகர்த்த மூன்று பேர் வேண்டியிருந்தது. நான், என் மனைவி லில்லி, பெயிண்டர் முருகேசன். உள்ளே இருந்த துணிகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் குவித்துவிட்டோம். அப்படியும் அது அசைய மறுத்தது. வீடு கட்டின நாளிலிருந்து ஒரே மூலையில் நின்ற இரும்பு. கால்கள் துருவால் தரையோடு ஒட்டியிருந்தன.

"மூச்சப் பிடிச்சுத் தள்ளுங்க சார். வாத்தியாருன்னா சாக்பீஸ் மட்டுந்தான் தூக்குவீங்களோ?" என்றார் முருகேசன்.

தரை கிறீச்சிட்டது. ஒரு முழம் நகர்ந்ததும் ஜன்னலில் நின்றிருந்த சாயங்கால வெயில் அந்த இடைவெளிக்குள் மெல்லப் புகுந்தது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.

சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கரண்ட் போன ராத்திரியில் மொட்டை மாடியில் படுத்துப் பார்க்கும் வானம் போல, ஓர் இடத்தில் அடர்ந்தும் ஓர் இடத்தில் சிதறியும் கிடந்தன. அதற்குக் கீழே பச்சை, வெல்வெட் துணி மாதிரி. தரையை ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடப்பது போல அத்தனை மென்மையாக.

முதல் நொடியில் எனக்கு அழகு என்றுதான் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது நொடியில் கட்டிலைப் பார்த்தேன். எங்கள் மகள் எஸ்தர் தலைவைத்துப் படுக்கும் இடத்திலிருந்து அந்த வானம் இரண்டடி தூரத்தில் இருந்தது. எஸ்தருக்குப் பத்து வயது. அந்த நேரத்தில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். லில்லியின் அண்ணன் அவளுக்குத் துணை இருந்தார்.

இந்தத் தொடரில் இந்த அத்தியாயத்தை எழுதாமல் நான் பல மாதம் தள்ளிப்போட்டேன். இப்போது வெளியே மறுபடியும் மழை பெய்துகொண்டிருக்கிறது. இனியும் தள்ள முடியாது.

மழை கேட்டுப் பழகியவர்கள்

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஈரம் தெரியாது. தண்ணீர் லாரி தெரியும், வெடித்த நிலம் தெரியும், புரட்டாசியில் ஏமாற்றிவிட்டுப் போகும் மேகம் தெரியும். எங்கள் சபையில் வருஷம் தவறாமல் மழைக்காக ஜெபம் உண்டு. மழையை நிறுத்தச் சொல்லி ஜெபித்ததாக யாருக்கும் நினைவில்லை.

நான் அறிவியல் ஆசிரியர். புதூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது ஒரு செய்முறை செய்வேன். ஈரமான ரொட்டித் துண்டை டப்பாவில் மூடி வைத்தால் சில நாளில் அதில் பூஞ்சை வளர வேண்டும். எங்கள் ஊரில் வளராது. பிள்ளைகள் ஆர்வம் தாங்காமல் மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அடிக்கிற வெயிலுக்கு ரொட்டி காய்ந்து ரஸ்க் ஆகிவிடும்.

"சார், தின்னுரலாமா?" என்று கேட்பார்கள். கடைசியில் பூஞ்சையைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டுவேன். பல வருஷம் அப்படி வரைந்திருக்கிறேன். அதன் வாசம் என்னவென்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு மார்கழியில், இரண்டு நாள் விடாமல் பெய்தது. மழை என்று அதைச் சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. மேலே யாரோ தொட்டியைக் கவிழ்த்துவிட்டு மறந்துபோனது மாதிரி இருந்தது. கண்மாய்கள் நிறைந்தன, சில உடைந்தன. பஸ் நின்றது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஆனால் வீட்டுப் படியோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கைகூப்பி நன்றி சொன்னோம்.

தண்ணீர் வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைத்திருந்தோம்.

ரோஜாப் பாத்தி

எஸ்தரின் அறைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, லில்லி ஒரு ரோஜாப் பாத்தி போட்டிருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் நாகலாபுரம், நல்ல கரிசல் பூமி. "இங்க உள்ள சரள் மண்ணுல என்ன வளரும்?" என்று அலுத்துக்கொண்டே இருப்பாள். அவள் அண்ணன் ஒரு நாள் டிராக்டரில் ஒரு லோடு கரிசல் மண் கொண்டுவந்து சுவரோரமாகக் கொட்டினார். இரண்டடி உயரம். ரோஜா செழித்துப் பூத்தது.

எங்கள் பக்கம் வீடு கட்டும்போது கடைக்காலில் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்புவார்கள். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், சுவரைச் சும்மா விடாது. இது கொத்தனார் வேலை தெரியாதவர்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கும் அப்படி எடுத்துத்தான் கட்டினோம். எடுத்த மண்ணை நாங்களே ரோஜாவுக்காகத் திரும்பக் கொண்டுவந்து சுவரோடு அணைத்து வைத்தோம்.

அந்த மழையை எல்லாம் அது குடித்தது. மழை நின்று வாரக்கணக்கில் அதைச் சுவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. ரோஜா அந்த மாதம் முன்னெப்போதும் இல்லாதபடி பூத்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால்

மழை நின்றபோது கிறிஸ்துமஸுக்கு ஐந்தாறு நாள்தான் இருந்தது. பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். வீடு வீடாகக் கேரல் பாட்டுப் பாட வருகிறவர்கள் பழைய சுவரைப் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள்? இது எங்கள் மக்களுக்குள் எழுதாத சட்டம்.

முருகேசன் வந்து எஸ்தரின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"சார், சுவரு குளுந்து கெடக்கு. இப்ப அடிச்சா நிக்காது. பங்குனி வெயில் வரட்டும், நானே வந்து அடிச்சுத் தாரேன்."

"பங்குனியிலயா கிறிஸ்துமஸ் வருது?" என்றாள் லில்லி. "நாளைக்கழிச்சு கேரல் ரவுண்ட்ஸ் வாராவ. அவியள வாசல்ல நிக்க வச்சு, சுவரு குளுந்துருக்கு, போயிட்டுப் பங்குனியில வாங்கன்னு சொல்லவா?"

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் லில்லியைப் பார்த்தேன். அடிப்பது என்று முடிவானது. எஸ்தர் நிறம் தேர்ந்தெடுத்தாள், வெளிறின ரோஜா நிறம்.

"பீரோவை நகத்திட்டு அடிப்பமா?"

"வேண்டாம். அது கன்னி மூலை. வச்சத எடுக்கக் கூடாது" என்றேன் நான்.

முருகேசன் பிரஷ்ஷை வாளி விளிம்பில் வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்களும் இதெல்லாம் பாப்பீங்களா சார்? எங்க ஆளுகதான் பாக்கோம்னு நெனச்சேன்."

வேதத்தில் வாஸ்து கிடையாது. எனக்குத் தெரியும். ஆனால் வீடு கட்டும்போது கொத்தனார் தென்மேற்கு மூலையில் கனம் இருக்கணும், அதை எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார். ஜெபிக்கிறவன்தான் நான். இருந்தாலும் எதற்கு வம்பு என்று நினைக்கிற ஆளும் நான்தான். பீரோவைச் சுற்றிப் பெயிண்ட் அடித்தோம். கேரல் பாடினவர்கள் நிறம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு வரி

புது வருஷம் பிறந்து சில நாளில் எஸ்தர் பள்ளிவிட்டு வந்தாள். அறைக்குள் போனாள், வெளியே வந்தாள்.

"அப்பா, என் ரூம்ல இன்னும் மழை பெய்யுது."

போய் மோந்து பார்த்தேன். உண்மைதான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசம். கொஞ்சம் பழையது, கொஞ்சம் இனிப்பானது. கண்ணை மூடி நின்றேன். எனக்குள் ஏதோ குளிர்ந்தது.

வாசகர்களில் சிலருக்கு எஸ்தர் சொன்ன இந்த வரி ஞாபகம் இருக்கலாம். அந்த ஜனவரியிலேயே, இந்தத் தொடர் தொடங்கின புதிதில், ஓர் அத்தியாயத்தை இந்த வரியோடுதான் முடித்தேன். குழந்தைகள் எப்படிக் கவிதையாகப் பேசுகிறார்கள் என்று எழுதினேன். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

அவள் கவிதை சொல்லவில்லை. தகவல் சொன்னாள். ஈரத்துக்கு ஏங்கிக் கிடந்த மூக்கு எனக்கு. அது அந்த வாசத்தை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டது.

பொங்கல் சமயத்தில் அவளுக்கு இருமல் வந்தது. போகிப் புகை என்றோம். பிறகு ஐஸ்கிரீம் என்றோம். "நீங்கதான் வாங்கிக் குடுத்திருப்பீங்க" என்றாள் லில்லி. "கோவில் ஆராதனைக்குப் போயிட்டு வந்தப்ப நீ வாங்கிக் குடுத்த ரோஸ்மில்க்குதான்" என்றேன் நான். ஆளுக்கொரு குற்றவாளியைக் கையில் வைத்திருந்தோம். பனி உள்ளே வரக்கூடாது என்று அவள் அறையின் ஜன்னலை இறுக்கி மூடினோம். கதவையும் சாத்திக்கொண்டு, வெந்நீரில் கற்பூரவள்ளி போட்டு, தினமும் ஆவி பிடிக்க வைத்தோம். அவ்வளவு ஆவியும் அந்தச் சுவருக்குத்தான் போனது. பீரோவுக்குப் பின்னால் இருந்ததற்கு நாங்களே தண்ணீர் ஊற்றி வளர்த்தோம்.

அவள் பள்ளியில் இருக்கும்போது இருமல் குறைந்தது. வீட்டுக்கு வந்தால் கூடியது. நாங்கள் இதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வந்தா செல்லம் கூடிருது" என்று சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, எஸ்தர் தன் அறையில் படுத்திருந்தாள். நான் ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். எங்கேயோ மெல்லிசாக விசில் கேட்டது. பக்கத்து வீட்டு விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இன்னொரு தாளையும் திருத்தினேன்.

அந்த ஒரு தாள். இன்றைக்கும் அது எனக்குள் கிடக்கிறது.

விசில் நிற்காததால் எழுந்து போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து மறைந்தது. என்னைப் பார்த்து, "அப்... பா... மூச்சு..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. விசில் அவள் நெஞ்சிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஆட்டோவில் லில்லியின் மடியில் அவள் சாய்ந்திருந்தாள். நான் முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்து, திரும்பித் திரும்பி அவள் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். அது அசைகிறவரை போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். வெள்ளைப் புகைக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது. அரை மணி நேரத்தில் விசில் தேய்ந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அம்மா சின்ன வயசுக்காரர். "வீட்டுல எங்கயாவது சுவர் ஈரமா இருக்கா? பூசணம் ஏதும்?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இப்பத்தான் கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிச்சோம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

எஸ்தர் முகமூடியை ஒரு கையால் விலக்கினாள். "என் ரூம்ல மழை வாசம் வரும் டாக்டர். டெய்லி வரும். அப்பாட்ட சொன்னேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார் என்ன வேலை பாக்கீங்க?"

"சயின்ஸ் டீச்சர்."

அவர் பேனாவைத் திறந்தார். சீட்டில் எழுதிக்கொண்டே, "பூசணம் மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு இழுப்பு வாற உடம்பு. ஆனா வீட்டுல அது இருந்தா தூண்டிவிட்டுக்கிட்டே இருக்கும். கண்டுபிடிச்சு எடுத்த பிறகு அந்த ரூம்ல படுக்க வைங்க" என்றார்.

எஸ்தரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் சாயங்காலம்தான் கன்னி மூலைப் பீரோவை நகர்த்தினோம்.

வாளியும் துணியும்

நான் ஒரு தேய்ப்புப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுவர்மேல் பாய்ந்தேன். முருகேசன் என் கையைப் பிடித்தார்.

"காஞ்ச பிரஷ்ஷப் போட்டா வீடெல்லாம் பறக்கும் சார். மொதல்ல மூக்கக் கட்டுங்க. ஜன்னலத் தொறங்க. ரூம் கதவச் சாத்துங்க. நனச்சுத்தான் எடுக்கணும்."

'அன்னைக்கே சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

குளியலறைக்கு ஓடினேன். வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தேன். அது போதாது என்று கழிவறை ஆசிட் பாட்டிலைத் திறந்து அதே வாளியில் சாய்க்கப் போனேன்.

"ஏங்க!" லில்லி பாட்டிலைப் பறித்தாள். "ரெண்டையும் கலந்து எல்லாரையும் கொல்லப் போறீங்களா? பாட்டில்ல எழுதிருக்கத வாசிங்க. பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கது இதத்தான?"

பாட்டிலில் எழுதியிருந்தது. கலந்தால் கிளம்பும் விஷ வாயு பெயரோடு எனக்குத் தெரியும். வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். லில்லி வாளியைக் கொட்டிவிட்டு, வெறும் சோப்புத் தண்ணீர் கலந்து என் கையில் துணியைக் கொடுத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

துடைத்துத் துடைத்துத் துணிகளைப் பையில் கட்டி வெளியே போட்டோம். பீரோ மறைத்திருந்த இடத்துக்கு வெளியிலும் சுவரில் ரோஜா நிறப் பெயிண்ட் அங்கங்கே கொப்புளித்திருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர். முருகேசன் அதை நனைத்துச் சுரண்டினார். காய்ச்சலில் உதடு உரிவது போல உரிந்தது. மெத்தையைத் தூக்கிப் போட்டோம். துணிகளைத் துவைத்து வெயிலில் காயவைத்தோம். எஸ்தர் பிறந்தபோது வாங்கின சின்னப் போர்வை ஒன்று பீரோவின் அடித்தட்டில் இருந்தது. பின்பக்கமெல்லாம் கறுப்பு. லில்லி அதை இரண்டு தரம் துவைத்தாள், மோந்து பார்த்தாள், பையில் போட்டுக் கட்டினாள்.

அவள் அண்ணன் அடுத்த நாள் மண்வெட்டியோடு வந்தார். எங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"நான் கொண்டாந்து கொட்டின மண்ணு மாப்ள. நானே அள்ளிட்டுப் போறேன்."

"நாங்கதான அண்ணன் கேட்டோம்" என்றாள் லில்லி.

"கேட்டா? கரிசல் குடிச்சா விடாதுன்னு எனக்குத் தெரியாதா? நெலத்துல கெடக்க வேண்டியத வீட்டுல கொண்டாந்து சாத்தி வச்சிருக்கேன்."

மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாத்தியின் மேல்மண் வெடித்துக் காய்ந்திருந்தது. ஒரு சாண் வெட்டியதும் உள்ளே கறுத்து, மினுமினுப்பாக, வெண்ணெய் போல ஈரம். ரோஜாச் செடிகளை லில்லி தொட்டிகளுக்கு மாற்றினாள். ஒன்று பட்டுப்போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் எஸ்தரை அவர் பத்து நாள் நாகலாபுரத்துக்குக் கூட்டிப்போனார்.

நீர்த்துளிக் கணக்கு

துடைத்தால் போதாது, சுவர் காய வேண்டும் என்றார் முருகேசன். காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே மட்டும் நான் கொஞ்சம் ஆசிரியனாக இருந்தேன். ஒரு பாலிதீன் தாளைச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், சுவரைத் தொடும் பக்கத்தில் முத்து முத்தாக நீர். சுவர் இன்னும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

எஸ்தர் திரும்பி வந்ததும் ஹாலில் படுத்தாள். பீரோவும் ஹாலுக்கு நடுவில் நின்றது. வந்தவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சனிக்கிழமைதோறும் தாளை ஒட்டுவேன். திங்கட்கிழமை அவள் அறை வாசலில் நின்றபடி கேட்பாள். "அப்பா, எத்தன சொட்டு?"

"எண்ண முடியல."

அடுத்தடுத்த வாரங்களில் அறுபது ஆயிற்று, முப்பத்தொன்று ஆயிற்று. பங்குனி வெயில் ஜன்னல் வழியாக நேராகச் சுவரில் விழுந்தது. ஒரு வாரம் ஏழு. வாழ்க்கையில் முதன்முறையாக வெயிலைக் கும்பிட்டேன்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை தாளை உரித்தேன். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றுமில்லை. அதன் வழியாக எஸ்தரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சுவருக்கு இன்றுவரை பெயிண்ட் அடிக்கவில்லை. சுண்ணாம்பு மட்டும். கட்டில் ஜன்னல் பக்கம் போய்விட்டது. பீரோ கன்னி மூலையில் இல்லை, எந்தச் சுவரிலும் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி நிற்கிறது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூச்சில் இழுக்கும் அவளுடைய மருந்துக் குப்பி ஒன்று என் சட்டைப் பையிலும் ஒன்று அவள் புத்தகப் பையிலும் இருக்கிறது. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அவள் அறையின் நான்கு மூலையிலும் குனிந்து மோந்து பார்க்கிறேன். "அப்பா நாய்க்குட்டி மாதிரியே மோந்து பாக்காவம்மா" என்று எஸ்தர் சிரிக்கிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

இன்று பள்ளி விடுமுறை. மத்தியானம் வானம் கறுத்து மழை பிடித்தது. கார்த்திகை மழை. நான் பேனாவை வைத்துவிட்டு அவள் அறைக்குப் போனேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மண் வாசம் அறை முழுக்க இருந்தது. சுவரில் கையை வைத்தேன். அதன் பிறகு அவளிடம் கேட்டேன். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக வாயில் வராத கேள்வி.

"ஏட்டி, ரூம்ல மழை பெய்யுதா?"

அவள் தலையைத் தூக்கினாள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நோட்டை மூடினாள். கண்ணை மூடி, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். இழுப்பில்லாமல், தடையில்லாமல், அடிவயிறு வரைக்கும் போன மூச்சு. அதை மெதுவாக விட்டாள்.

"இல்லப்பா" என்றாள். "வெளியதான் பெய்யுது."